பீடோங்கில் இரண்டாவது வீடு: வாடகைக்கு விட வாங்கலாமா?

ஹார்வர்ட் பட்டதாரி எழுதியது:

வணக்கம். பெயரைப் பார்த்து யாரும் மலைக்க வேண்டாம். மலேசியாவில் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்தில் இருக்கிற ஹார்வர்ட் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பாலர் பள்ளி முடித்தவன் நான். அந்த அளவில் ஹார்வர்ட் பட்டதாரி.

வயது 27. கூலிம் ஹைடெக் பார்க்கில் டெக்னீஷியன், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். அடிப்படைச் சம்பளமும் ஷிப்ட் அலவன்சும் சேர்த்து 3,600 வெள்ளி (ரிங்கிட்). பிடித்தம் போக 3,130 கைக்கு வரும். ஓவர்டைம் இருக்கும் மாதம் கொஞ்சம் கூடும்; அதை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

2022 மார்ச்சில் பீடோங்கில் ஒரு தாமானில் (குடியிருப்புப் பேட்டையில்) ஒரு மாடி வரிசை வீடு வாங்கினேன். விலை 1 லட்சத்து 80 ஆயிரம், 90 விழுக்காடு வங்கிக் கடன், 35 வருடம். அப்போது மாதத் தவணை 633 வெள்ளி. மத்திய வங்கியான பேங்க் நெகாரா வட்டியை ஏற்ற ஏற்ற அது 750ஐத் தொட்டது. 2025 ஜூலையில் கால் விழுக்காடு இறக்கிய பிறகு இப்போது 727. அப்பா கடைசியாக வேலை பார்த்த தோட்டத்தில் ஓய்வு பெற்றதும் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அது எல்லாத் தோட்டத்திலும் உள்ள வழக்கம்தான். அதனால் அவசரமாக வாங்கியது. அப்பா, அம்மா, நான், மூன்று பேர் இருக்கிறோம். அப்பா இன்னும் காலை நாலரைக்கு எழுந்து வாசலில் போய் நிற்கிறார், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் யாரோ பெயர் கூப்பிடப்போவது போல.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் நண்பன் ஒருவன் பினாங்கில் ஒரு ஹோட்டலில் நடந்த சொத்து முதலீட்டு வகுப்புக்கு என்னை இழுத்துக்கொண்டு போனான். நுழைவு இலவசம், நாசி லெமாக்கும் இலவசம். மேடையில் இருந்தவர் முப்பது வயதுக்குள் ஐந்து வீடு என்றார். அதற்கு இரண்டு வழியும் சொன்னார். வீட்டுக்காரர் 1 லட்சத்து 90 ஆயிரம் கேட்டால், ஒப்பந்தத்தில் 2 லட்சத்து 20 ஆயிரம் என்று எழுத வேண்டுமாம். அதில் 90 விழுக்காடு கடன் என்றால் 1 லட்சத்து 98 ஆயிரம். வீட்டுக்காரருக்குக் கொடுத்தது போக 8 ஆயிரம் நம் கையில் நிற்கும். இன்னொன்று, மூன்று வங்கிகளில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடுவது. ஒரு வங்கியின் கடன் இன்னொரு வங்கிக்குத் தெரிவதற்குள் மூன்று வீடும் கையெழுத்தாகிவிடும். முழு வகுப்புக்கு 4,800 வெள்ளி. நான் கட்டவில்லை. நண்பன் அன்றைக்கே கார்டைத் தேய்த்துவிட்டான்.

வகுப்பு பிடிக்கவில்லை, ஆனால் ஆசை ஒட்டிக்கொண்டது. ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் மூன்று அறை வீடு ஒன்று 1 லட்சத்து 90 ஆயிரத்துக்கு வந்திருக்கிறது. மாணவர்களுக்கு அறை அறையாக விட்டால் ஓர் அறைக்கு 300, மொத்தம் 900 வரும் என்று ஏஜென்ட் சொல்கிறார். கடன் தவணை 767 ஆகும். மாதம் 133 வெள்ளி மிச்சம், வீட்டுக் கடனும் தானாக அடைந்துவிடும். சேமிப்பில் 34 ஆயிரம் இருக்கிறது. போதாவிட்டால் இபிஎஃப் (தொழிலாளர் சேமநிதி) பணத்தை எடுக்கலாம், இல்லை இப்போதிருக்கும் வீட்டை ரீஃபைனான்ஸ் செய்யலாம், அதாவது அதன்மேல் புதுக் கடன் எடுக்கலாம் என்று யோசனை.

இதில் என்ன ஓட்டை இருக்கிறது? ஓட்டை இருக்கிறது என்று தெரிகிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.


லேலோங் ராஜா எழுதியது:

தம்பி, ஏஜென்டையெல்லாம் விடு. ஏலத்தில் எடு. சுங்கை பட்டாணி பக்கம் வங்கி ஏலத்தில் வீடு சந்தை விலைக்கு இருபது, முப்பது ஆயிரம் கீழே போகிறது. முதல் ஏலத்தில் கை தூக்காதே. ஆள் வராவிட்டால் அடுத்த ஏலத்துக்கு விலை இறங்கும். பத்து விழுக்காட்டுக்கு பேங்க் டிராப்ட் எடுத்துக்கொண்டு போ. வாங்கினால் முதல் நாளே லாபம். நான் இரண்டு எடுத்தேன்.


பழைய பேங்க்காரன் எழுதியது:

பதினோரு வருடம் வீட்டுக் கடன் பிரிவில் உட்கார்ந்திருந்தவன். தம்பி கேட்ட ஓட்டைகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உன் சம்பளம். வீட்டுக்கு 727 கட்டுகிறாய். கார் இருக்கிறதா, பிடிபிடிஎன் (உயர்கல்விக் கடன்) இருக்கிறதா என்று நீ சொல்லவில்லை. இருபத்தேழு வயதில் இரண்டும் இல்லாத டெக்னீஷியனை நான் பார்த்ததில்லை. கடன் தவணைகள் எல்லாம் சேர்ந்து கைச் சம்பளத்தில் எத்தனை விழுக்காடு என்பதைத்தான் வங்கி முதலில் பார்க்கும். உன் சம்பள வரிசையில் இருப்பவர்களுக்குப் பல வங்கிகள் அறுபது, எழுபதோடு நிறுத்திவிடும். இன்னும் வராத வாடகையை வருமானமாக எடுக்கமாட்டார்கள். முத்திரை குத்திய வாடகை ஒப்பந்தம் இருந்தால் அதில் ஒரு பங்கை எடுப்பார்கள், அவ்வளவுதான்.

இபிஎஃப் கதவு மூடியிருக்கிறது. இரண்டாவது வீட்டுக்கு எடுக்க வேண்டுமானால் முதல் வீட்டை விற்றிருக்க வேண்டும். இப்போது இருக்கிற வீட்டுக் கடனைக் குறைக்க வருடத்துக்கு ஒருமுறை இபிஎஃபின் செஜாத்ரா கணக்கிலிருந்து எடுக்கலாம், அது வேறு.

கைப்பணத்துக்கு வா. பத்து விழுக்காடு முன்பணம் 19,000. முதல் வீட்டுக்கு உனக்கு முத்திரை வரி விலக்கு கிடைத்திருக்கும். அது வாழ்நாளில் ஒரே தடவை. இந்தத் தடவை பெயர் மாற்றத்துக்கு முதல் லட்சத்துக்கு ஒரு விழுக்காடு, மிச்சம் 90 ஆயிரத்துக்கு இரண்டு விழுக்காடு, ஆக 2,800. கடன் பத்திரத்துக்கு அரை விழுக்காடு, 855. லாயர் கட்டணம் 1.25 விழுக்காடு, வீட்டு ஒப்பந்தத்துக்கு ஒன்று, கடன் ஒப்பந்தத்துக்கு ஒன்று, இரண்டும் சேர்ந்து 4,500 சொச்சம். அதன்மேல் சேவை வரி, மதிப்பீட்டாளர், சில்லறைச் செலவு. உன் 34 ஆயிரத்தில் சாவி கைக்கு வரும்போது நாலைந்து ஆயிரம் மிஞ்சினால் பெரிது. வீட்டில் ஒரு மின்விசிறிகூட மாட்டியிருக்கமாட்டாய்.

ஐந்து வீட்டுக்காரர் ஒன்றை நாசி லெமாக்கோடு சேர்த்து விழுங்கிவிட்டார். 2010 நவம்பரிலிருந்து மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 விழுக்காடுதான் உச்சவரம்பு. மூன்றாவதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் முப்பது விழுக்காடு கைப்பணம் வேண்டும். அதைத் தாண்டுவதற்குத்தான் அந்த ஒரே வாரத்து மூன்று விண்ணப்பம். விண்ணப்பப் பாரத்தில் வேறு கடன் ஏதும் கேட்டிருக்கிறீர்களா என்ற இடத்தில் இல்லை என்று நீதான் எழுதுவாய், கீழே கையெழுத்தும் நீதான் போடுவாய். மேடையில் பேசியவர் போடமாட்டார். விலையை ஏற்றி எழுதுவதும் அப்படித்தான், அது வங்கியிடம் செய்யும் மோசடி. அதைக்கூட விடு. அந்த இல்லாத 30 ஆயிரத்தில் கடனாக வரும் 27 ஆயிரத்துக்கும் சேர்த்து 35 வருடம் வட்டி கட்டப்போவது யார்?

ரீஃபைனான்ஸ் பற்றி நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய்.


மூன்று சாவி எழுதியது:

தம்பி, நான் சுங்கை பட்டாணிக்காரி. கையுறைத் தொழிற்சாலையில் கிராணியாக (கிளார்க்காக) இருந்தேன். 2006ல் தொடங்கி இன்றைக்கு மூன்று வாடகை வீடு. இத்தனை வருடத்தில் மூன்றுதான். உன் மேடைக்காரருக்கு நான் தேறாத கேஸ்.

ஏஜென்டின் 900க்கு முதலில் வருகிறேன். நான் பீடோங்கில் மாணவர்களுக்கு நாலு வருடம் விட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்துக்கு உள்ளேயே விடுதி இருக்கிறது, அதனால் வெளியே வருகிற பிள்ளைகள் கணக்குப் பார்த்துத்தான் வருவார்கள். நீண்ட விடுமுறை வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள்; அந்த மாதங்களுக்கு வாடகை கேட்டால் அம்மாக்கள் போன் போடுவார்கள். பன்னிரண்டு மாதத்தில் ஒன்பது மாதம் முழுசாக வந்தால் நல்ல வருடம். 900ஐ ஒன்பதால் பெருக்கு, 8,100. உன் 767ஐப் பன்னிரண்டால் பெருக்கு, 9,204. இன்னும் கதவு வரி (நகராண்மைக் கழகத்துக்குக் கட்டும் வீட்டு வரி), நில வரி, தீக் காப்புறுதி எதையும் நான் தொடவில்லை. அறை வாடகை என்றால் தண்ணீர், மின்சாரம், வைஃபை மூன்றும் உன் தலையில்தான். கட்டில், மெத்தை, மேசை, துணி துவைக்கும் மெஷின் எல்லாம் நீதான் வாங்கிப் போட வேண்டும். என்னிடம் இருந்த மூன்று மருத்துவ மாணவிகள் தங்கமான பிள்ளைகள், ஒருநாள் தாமதித்ததில்லை. ஆனால் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும், மருத்துவமனை இருக்கிற அமான்ஜெயா பக்கம் வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுத்த ஐந்து மாதம் அந்த வீட்டில் பல்லிதான் குடியிருந்தது.

இனி, ஏஜென்ட் சொல்லாத இன்னொன்று. அந்தத் தாமான் எப்போது கட்டியது, அதற்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று கேட்டாயா? நம் பக்கம் பாதித் தாமான்கள் பால்மரம் (ரப்பர் மரம்) நின்ற இடம். மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு மண்ணை மூடி வீடு கட்டினார்கள். அடிக்கட்டையும் வேரும் எல்லாம் வெளியே போனதா என்ன? அது கீழே கிடக்கும்வரை கரையானுக்குச் சாப்பாடு. அது தீர்ந்ததும் மேலே ஏறும்.

என் இரண்டாவது வீட்டில் பார்த்தேன். வெளியிலிருந்து பார்த்தால் கதவுச் சட்டம் பளபளவென்று இருந்தது, புதுச் சாயம். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அம்மா முப்பது வருடம் பால்மரம் சீவியவர், பட்டையைத் தொட்டே மரத்தின் வயதைச் சொல்வார். வீட்டுக்குள் வந்தவர் சுவரைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்க்கவில்லை. குனிந்து கதவுச் சட்டத்தின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அப்பளம் மாதிரி உள்ளே போனது விரல். சாயம் மட்டும் தோலாக நின்றிருக்கிறது, உள்ளே மரமே இல்லை. விரலை எடுத்து என்னிடம் காட்டினார், நகத்தில் ஈர மண். “பால் காட்டுச் செல்லு” என்றார், ரப்பர் தோட்டத்துக் கரையான். நான் அதற்குள் முன்பணம் கட்டியாகிவிட்டது. நாலு கதவுச் சட்டம், சமையலறை அலமாரி, கூரையில் இரண்டு சட்டம், தரையில் துளை போட்டு மருந்து, ஆக 7,300 வெள்ளி. பதினோரு மாத வாடகை.

லேலோங் அண்ணனுக்கு ஒன்று: ஏல வீட்டில் இந்தக் கட்டைவிரல் சோதனையைக்கூடச் செய்ய முடியாது. சாவி தரமாட்டார்கள், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கலாம். உள்ளே ஆள் இருந்தால் வெளியேற்றுவது நம் பாடு. மீதிப் பணத்துக்குப் பெரும்பாலும் 90 நாள், அதற்குள் கடன் வராவிட்டால் கட்டிய பத்து விழுக்காடு போய்விடும். அப்புறம் ஏல அறிவிப்பில் மலாய் ரிசர்வ் நிலம் (நம்மால் வாங்க முடியாதது) என்று இருக்கிறதா என்று பார்க்காமல் ஆசைப்பட்டவர்களையும் எனக்குத் தெரியும். இந்தத் தம்பியின் 34 ஆயிரத்தில் 19 ஆயிரத்தை அப்படி மேசைமேல் வைக்கச் சொல்லாதீர்கள்.


ஹார்வர்ட் பட்டதாரி எழுதியது:

அக்கா, பேங்க்கார அண்ணே, நன்றி. கார் இருக்கிறது: மைவி, மாதம் 580, இன்னும் மூன்று வருடம். பிடிபிடிஎன் 150. எல்லாம் கூட்டிப் பார்த்தேன். புது வீட்டோடு சேர்த்து 2,224. கைச் சம்பளத்தில் 71 விழுக்காடு. அண்ணே, பார்க்காமலேயே எப்படிச் சொன்னீர்கள்?

மாணவர் கணக்கு எனக்கு உறைத்துவிட்டது. சரி, ஒரு குடும்பத்துக்கு முழு வீடாக விட்டால்? 650, 700 வரும் என்கிறார்கள். கையிலிருந்து மாதம் நூறு போட்டாலும் கடைசியில் வீடு நம்முடையதுதானே? குடும்பம் என்றால் தலைவலி குறைவுதானே?


மூன்று சாவி எழுதியது:

குடும்பம் என்றால் தலைவலி குறைவா. சொல்கிறேன்.

என் முதல் வீடு. தெரிந்தவர் சொல்லி ஒரு குடும்பம் வந்தது, புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். தெரிந்தவர்கள் என்பதால் ஒரு மாத டெபாசிட் போதும் என்றேன். ஒப்பந்தம் கடையில் வாங்கிய பாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம், முத்திரை குத்தவில்லை. மின்சாரம் என் பெயரிலேயே இருந்தது. ஏழு மாதம் ஒழுங்காகக் கொடுத்தார்கள். எட்டாம் மாதம் புருஷனுக்கு லாரி வேலை போனது. அப்புறம் அடுத்த வாரம், அடுத்த வாரம். நானும் லயத்தில் வளர்ந்தவள்தானே, பிள்ளைகளைப் பார்த்தால் வாய் வரவில்லை. நாலு மாதம் ஓடிவிட்டது.

மின்சாரத்தை வெட்டிவிடலாம், பூட்டை மாற்றிவிடலாம் என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். லாயரிடம் போனேன். 1950ஆம் ஆண்டு குறிப்பிட்ட நிவாரணச் சட்டம், 7வது பிரிவு, இரண்டாம் உட்பிரிவு என்று எழுதிக் காட்டினார். குடியிருப்பவரை நீதிமன்ற உத்தரவில்லாமல் நாமாக வெளியேற்றக்கூடாது. பூட்டை மாற்றினால் வழக்கு அவர்கள் என்மேல் போடலாம். ஒப்பந்தத்தைக் கொடுங்கள் என்றார், கொடுத்தேன். முத்திரை எங்கே என்றார். முத்திரை இல்லாத ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் சாட்சியாக வைக்க முடியாது, இப்போது போய் அபராதத்தோடு குத்த வேண்டும். எவ்வளவு காசுக்கு இந்தக் கஞ்சத்தனம் தெரியுமா? இன்றைக்கு ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, ஆண்டு வாடகையில் 250 வெள்ளிக்கு ஒரு வெள்ளி. 700 வெள்ளி வீட்டுக்கு 34 வெள்ளி. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு நடை நடந்தால் செலவாகிற காசு.

வழக்குப் போட வேண்டியிருக்கவில்லை. ஒரு தைப்பூசத்துக்கு மறுநாள் அவர்களே போய்விட்டார்கள். சாவியை ரப்பர் செருப்புக்குள் வைத்து வாசலில் விட்டிருந்தார்கள். உள்ளே போனேன். குளிர்பெட்டி இருந்த இடத்தில் தரையில் சதுரமாக ஒரு வெள்ளைத் தடம். சுவரில் பிள்ளைகள் உயரம் அளந்து பென்சில் கோடு போட்டு, தேதியும் எழுதியிருந்தார்கள். சாமி மேடையை மட்டும் துடைத்துச் சுத்தமாக வைத்திருந்தார்கள், விபூதிகூடச் சிந்தவில்லை. மின்சார பில் 1,180 வெள்ளி, என் பெயரில். அந்தப் பென்சில் கோட்டுக்கு மேலே சாயம் அடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. அதையும் நஷ்டக் கணக்கில்தான் எழுத வேண்டும், வேறு எதில் எழுதுவது.

இப்போது எப்படிச் செய்கிறேன் என்று கேட்டால்: இரண்டு மாத டெபாசிட், அரை மாதம் தண்ணீர் மின்சாரத்துக்கு. சொந்த அண்ணன் மகனாக இருந்தாலும் அதே. மின்சாரக் கணக்கு குடியிருப்பவர் பெயருக்கு மாறிய பிறகுதான் சாவி. ஒப்பந்தம் போட்ட வாரமே முத்திரை. சாவி கொடுக்கும் அன்று வீடு முழுக்க போனில் வீடியோ எடுத்து அவர்களுக்கும் அனுப்பிவிடுவேன்.

ஆள் யார் என்பதுதான் பெரிய விஷயம். ஒரு வீடு அமான்ஜெயாவில், சுல்தான் அப்துல் ஹலிம் மருத்துவமனைக்குப் பத்து நிமிடம். தாதிகள் இருவர், மாற்றலாகிப் போனால் அவர்களே அடுத்த ஆளைக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆறு வருடமாக விளம்பரம் போட்டதில்லை. இன்னொன்றில் கிளந்தானிலிருந்து வந்த ஓர் ஆசிரியர் குடும்பம். மிச்சமிருப்பது அந்தக் கரையான் வீடு, அதில் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு தம்பதி. பல இடத்தில் அலைந்துவிட்டு வந்தார்கள். இந்தியர்களுக்கு வீடு இல்லை என்று விளம்பரத்திலேயே போடுகிறவர்கள் இருக்கிறார்கள், உனக்குத் தெரியாததில்லை. 550 தான் முடியும் என்றார்கள். பக்கத்து வீடு 650 போகிறது. கொடுத்தேன். ஒன்றாம் தேதி வாடகை என்று எழுதப்போனேன், அந்தம்மா தயங்கினார். தோட்டத்தில் சம்பளம் ஏழாம் தேதிதானே என்றார். எட்டாம் தேதி என்று எழுதினேன். நாலு வருடம் ஆகிறது, எட்டாம் தேதி மாலை ஆறு மணிக்குள் போனில் டிங் என்று சத்தம் வரும். போன வருடம் கூரைத் தண்ணீர்க் குழாய் விழுந்ததற்கு அவரே ஏணி போட்டுக் கட்டிவிட்டு, ஆணிக் காசு 6 வெள்ளியை மட்டும் கழித்துக்கொண்டார்.

வருமான வரியை மறந்துவிடாதே. வாடகை சம்பளத்தோடு சேர்ந்து பிஇ பாரத்தில் போகும். கடன் வட்டி, கதவு வரி, நில வரி, தீக் காப்புறுதி, பழுதுபார்ப்பு கழியும்; அசல் கழியாது. ரசீதை பிஸ்கட் டின்னில் போட்டு வை. நான் ஏழு வருட ரசீது வைத்திருக்கிறேன், வெப்பத்தில் எழுத்து அழிந்துவிடும், அதனால் படம் எடுத்தும் வைக்கிறேன்.

கடைசியில் வீடு நம்முடையதுதானே என்றாய். 35 வருடம் கழித்து, ஆமாம். நடுவில் பணம் தேவைப்பட்டு மூன்று வருடத்துக்குள் விற்றால் லாபத்தில் 30 விழுக்காடு வரி. ஆறாவது வருடத்திலிருந்துதான் நமக்கு அது இல்லை. பீடோங்கில் வீடு விற்பது சுங்கை பட்டாணி மாதிரி இல்லை, வாங்குகிற ஆள் வருவதற்கே ஒரு மழைக்காலம் போய்விடும்.


கூலிம் குமாரு எழுதியது:

குறுக்கே வருகிறேன். தொழிற்சாலைக்கு விட்டால் என்ன? எங்கள் கம்பெனி வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு வீடு எடுக்கிறது, வாடகை தேதி தவறாது.


பழைய பேங்க்காரன் எழுதியது:

வாடகை தேதி தவறாது, சரிதான். ஆனால் சட்டம் 446 படி தொழிலாளர் தங்குமிடத்துக்குத் தொழிலாளர் இலாகாவின் சான்றிதழ் வேண்டும், ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் என்பதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. அதை முதலாளிதான் எடுக்க வேண்டும், எடுத்திருக்கிறாரா என்று நீ பார்க்க வேண்டும். மூன்று அறை வீட்டில் பத்துப் பேர் குளித்தால் குளியலறைத் தரை என்ன ஆகும் என்றும் நினைத்துப் பார். பக்கத்து வீட்டுக்காரர் நகராண்மைக் கழகத்தில் புகார் கொடுத்தால் கடிதம் உன் பெயருக்குத்தான் வரும்.

தம்பி, 71 விழுக்காட்டுக்கு வருகிறேன். மைவி முடிந்தால் அது 53க்கு இறங்கிவிடும். மூன்று வருடம் ஒன்றும் நீண்ட காலமில்லை. அதுவரை மாதம் 500 போட்டு வந்தாலே இன்னொரு 18 ஆயிரம். வீடு அதுவரை ஓடிப்போய்விடுமா என்று கேட்பாய். அந்த வீடு போகலாம். பீடோங்கில் வேறு வீடே வராதா என்ன?


ஹார்வர்ட் பட்டதாரி எழுதியது:

கேட்டுக்கொண்டே இருந்தால் முடியாது, பார்த்துவிட்டே வருவோம் என்று வெள்ளிக்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். மூன்று சாவி அக்கா எழுதியதை முந்தின நாள் இரவே அம்மாவுக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

ஏஜென்ட் வரவேற்பறை ஜன்னலைத் திறந்து காற்றோட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அம்மா காற்றோட்டம் பக்கமே திரும்பவில்லை. நேராகப் பின்கதவுக்குப் போய்க் குனிந்தார். விரல் போகவில்லை. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அடுத்து நடு அறை. அங்கேயும் போகவில்லை. மூன்றாவது அறையில் கதவுக்குப் பின்னால் ஒரு காலண்டர் தொங்கியது, சட்டத்தை ஒட்டினாற்போல, முழங்கால் உயரத்தில். அவ்வளவு கீழே யார் காலண்டர் மாட்டுவார்கள்? அம்மா அதைத் தூக்கினார். சட்டத்தின் ஓரமாக மண் கோடு ஒன்று, பென்சில் தடிமனுக்கு, தரையிலிருந்து கிளம்பிக் காலண்டர் உயரம் வரை ஏறியிருந்தது. அழுத்தினார். நகம் முழுக்க உள்ளே போனது.

ஏஜென்ட், “பழைய வீடு, சாயம் அடித்தால் சரியாகிவிடும்” என்றார். அம்மா அவரிடம் ஒன்றும் பேசவில்லை. வெளியே வந்து பக்கத்து வீட்டு மக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) மலாயில் பேச்சுக் கொடுத்தார். ஐந்து நிமிடத்தில் தெரிந்தது: போன ஹரிராயாவுக்கு (நோன்புப் பெருநாளுக்கு) முன்னாலிருந்து வீடு காலி, கடைசியாக இருந்த மாணவர்கள் நாலு பேர், வாடகை ஓர் அறைக்கு 200.

வாங்கவில்லை. மைவியை முடிக்கிறேன். 34 ஆயிரத்தில் 10 ஆயிரத்தை அப்பா அம்மா இருக்கிற வீட்டின் கடனில் போடலாமா என்று வங்கியில் விசாரிக்கப்போகிறேன். அமான்ஜெயாப் பக்கம் இரண்டு தெருக்களைக் குறித்து வைத்திருக்கிறேன், நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது அந்த வழியாக வந்து எந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்று பார்க்கிறேன். நண்பனுக்கு இந்தத் திரியை அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் இல்லை.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நேற்று ஏஜென்ட் மறுபடி கூப்பிட்டார். 1 லட்சத்து 78 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டாராம்.


மூன்று சாவி எழுதியது:

178ஆ? கதவுச் சட்டத்தோடா, இல்லாமலா?